அரங்கேற்றமும் வெளியீட்டு விழாவும்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியதெனப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறும். அதங்கோட்டாசான் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் விடைகூறினார் என்பது நச்சினார்க்கினியர் உரை. கேட்போரின் கடமை அங்கு வினாவுதலாயிருந்தது. இன்றைய நூல் வெளியீட்டு விழாவிலோ வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை என நிகழ்ச்சிநிரல் நீள்கின்றது. பிரதி பெறுவோர் பலர், படித்து வந்தோர் சிலர்.

இதனைப் போலியெனத் தள்ளுதல் எளிது. ஆயின், கைப்பொருளைச் செலவிட்டு நூலை அச்சிடும் ஈழத்து எழுத்தாளருக்கு அன்று விற்கும் பிரதிகளே அச்சகக் கடனை அடைக்க உதவுவன. அம்மேடையிற் குறைகூறுதல் இரக்கமின்மையன்றோ? எனினும், மேடையிற் புகழ்ந்தவரே மறுநாள் மறைவிற் பழிப்பாராயின், ஆசிரியர் விடைகூறும் உரிமையை இழக்கின்றார். பிரதியை வாங்குதல் அன்பு; படித்து, ஐயத்தை அவர் முன்னிலையிலேயே வினாவுதல் மதிப்பு. முன்னது பின்னதற்கு ஈடாகாது.