கொடைமடம்

கார்காலத்து மலையில் மயில் ஒன்று அகவி நின்றது. அது குளிரால் நடுங்குகின்றதென்று இரங்கிய வையாவிக் கோப்பெரும்பேகன் தன் போர்வையை அதற்கு அளித்தான். அந்த ஒரு செயலால் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிவிட்ட அவனை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின், மயிலுக்குத் தோகை உண்டு. முகில் கண்டு அகவுதல் அதன் இயல்பு. போர்வையால் அதற்கு ஆவதொன்றில்லை. பேகன் அறியாமற் கொடுத்தான் என்றால் பொறுத்துக் கொள்ளலாம். மயில் உடுக்காது என்று தெரிந்தே கொடுத்தான் என்பது பரணர் கூற்று. அப்புலவரே இவ்வியல்புக்குக் 'கொடைமடம்' என்று பெயரும் வைத்தார். கொடுக்குமிடத்து ஆராயாமை என்பது அதன் பொருள். அதனை அவர் இழிவாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுகளாக நாமும் அதனைப் பெருமையென்றே கொண்டு வருகிறோம்.

கொடைமடம் ஓர் அறந்தானா? கொடுப்பவனுடைய உள்ளம் தூயதாயிருந்தால் போதுமோ? பெறுகின்ற உயிருக்கு அதனால் விளைவது யாது என்று கேட்க வேண்டாமோ?

இவ்வினா நமக்கு எழுந்த இடம் பேகனுடைய மலையன்று. பினாங்குத் தீவில், தண்ணீர்மலை அடிவாரத்தில் எழுந்தது. பேகன் ஆண்ட மலைநாடு இன்றைய பழனிப் பகுதி. பழனித் தண்டாயுதபாணியின் பெயரால் நம்மவர் எழுப்பிய கோயில் இங்கே தண்ணீர்மலையில் நிற்கிறது. அதனை ஒட்டியே ஜார்ஜ் டவுன் மக்கள் காற்று வாங்கப் போகும் தாவரத் தோட்டமும் இருக்கிறது. கருங்கல் வெட்டியெடுத்த பழைய பள்ளமாய்க் கிடந்த இடத்தை 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர் பொறுப்பேற்றுத் தோட்டமாக்கினார். அதன் முன்புறத்தில் உள்ள நிலா வாசல் என்னும் வட்ட வடிவ வாயிலிலிருந்து கொடிமலைக்கு நடைபாதை ஏறுகிறது. 1923-இல் மலை ரயில் ஓடத் தொடங்கும் வரையில் வெள்ளைக்காரத் துரைமார் குதிரையிலும், கூலிகள் சுமந்த பல்லக்கு நாற்காலியிலும் ஏறிய மலை அது. இன்று கடவுச்சீட்டுக் கேட்பாரில்லை; கால் உள்ளவர் எவரும் ஏறலாம்.

இங்கே இருவகைக் குரங்குகள் கண்ணிற் படும். ஒன்று, மலாய்க்காரர் 'கெரா' என்றழைக்கும் நீண்ட வால் குரங்கு. பழுப்பு நிறம், கூட்டமாக இறங்கி வந்து வழிமறிக்கும். மற்றது 'லோத்தோங்'. உடல் கரும்புகை நிறம். கண்களைச் சுற்றி வெள்ளை வளையம், எப்பொழுதும் வியப்புற்றது போன்ற முகம். அதன் குட்டி பிறக்கும்போது பொன்னிறமாயிருக்கும். கரிய தாயின் மார்பில் அந்தக் குட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பவர் பிறகு மறப்பதில்லை. லோத்தோங் பெரும்பாலும் மரத்தின் உச்சியிலேயே இருந்து இலை தின்னும், கேட்காது, பறிக்காது. ஆதலினால் நம்மவர் அதனைக் காண்பதுமில்லை. கைநீட்டி வருவதையே காணப் பழகிய கண்கள் நம்முடையவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஃபெரியில் வந்திருந்த மூதாட்டி ஒருவர், கச்சான் பூத்தே பொட்டலத்தைப் பிரித்துக் குரங்குகளுக்கு வீசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னாலேயே 'உணவு தராதீர்' என்னும் அறிவிப்புப் பலகை நின்றது. சற்றுத் தள்ளி இன்னொரு குடும்பம். அக்குடும்பத்துச் சிறுவன் ரொட்டித் துண்டை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாய் விளையாடினான். பெரிய ஆண் குரங்கொன்று பாய்ந்து ரொட்டியையும் பையையும் பறித்துச் சென்றது. அதன் நகம் பட்டுச் சிறுவனின் முழங்கையில் கோடு விழுந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தந்தை குனிந்து கல்லெடுத்தார். ரொட்டி கொடுத்த கைக்கும் கல்லெடுத்த கைக்கும் இடையே அரை நிமிடங்கூட இல்லை.

நாம் மூதாட்டியாரை அணுகி, "அம்மா, இவற்றுக்குக் கொடுக்கலாகாது என்று எழுதியிருக்கிறதே" என்றோம்.

"எழுத்து எனக்குத் தெரியாது, தம்பி" என்றார். பிறகு, "தெரிந்தாலும் கொடுப்பேன். வாயில்லாச் சீவன். பசியென்று கை நீட்டுகிறது. நாங்கள் சிறுபிள்ளைகளாய் இருந்தபோது லயத்தில் கஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்திருக்கிறோம். அப்போது எங்களுக்கு ஒரு பிடி கொடுக்க எவருமில்லை. பசி இன்னதென்று அறிந்தவள் நான். பார்த்துக்கொண்டு சும்மா போகச் சொல்கிறீர்களா?" என்றார்.

நேயர்களே, இதற்கு விடை சொல்வது எளிதன்று. பலகையைச் சுட்டிக் காட்டிவிட்டு நகர்பவர் இந்த அம்மையாரை வென்றவராகமாட்டார். பசித்திருந்த மனிதர் பிற உயிரின் பசிக்கு இரங்குவது மனிதத் தன்மையின் உச்சம். 'சீவகாருண்யம்' என்று இராமலிங்க அடிகள் முழங்கியதும் இந்த இரக்கத்தைத்தானே? இதனை மடமை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆகவே, இரக்கத்தைக் குறைப்பது எப்படி என்று நாம் கேட்கவில்லை. அதற்குக் கண் கொடுப்பது எப்படி என்பதே நம் கேள்வி.

அக்குரங்கு பசித்ததுதானா என்பதை முதலிற் பார்ப்போம். பழமும் தளிரும் பூச்சியும் நிறைந்த காடு அதன் முதுகுக்குப் பின்னே நிற்கிறது. நீண்ட வால் குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. பழத்தை அதில் அடக்கிக்கொண்டு போய், வேறோரிடத்தில் சதையைத் தின்று விதையைத் துப்பும். காட்டில் மரம் பரவுவதற்கு அது செய்யும் உழவு இது. ஏரும் இல்லை, கூலியும் இல்லை. கச்சானும் ரொட்டியும் நாள்தோறும் கிடைத்தால் அந்த உழவன் காட்டை விட்டுக் குப்பைத் தொட்டிக்குக் குடிபெயர்கிறான். தீனி பெருகக் குட்டிகளும் பெருகுகின்றன. கூட்டம் பெருத்ததும் அவை வீட்டுக்குள் புகுகின்றன, பறிக்கின்றன, கடிக்கின்றன. குடிமக்கள் முறையிடுகிறார்கள். முறையீட்டின் முடிவு துப்பாக்கி. 2010-ஐ அடுத்த சில ஆண்டுகளில் இந்நாட்டில் இவ்வகையிற் கொல்லப்பட்ட நீண்ட வால் குரங்குகள் பல்லாயிரம். கச்சான் வீசிய கை அந்தத் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆயினும் அதற்குப் பாதை போட்டது அக்கைதான்.

எங்கும் நிறைந்த இந்தக் குரங்கை, 2022-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் இடருள்ள இனங்களின் பட்டியலிற் சேர்த்தது. தெருவோரத்தில் கூட்டமாகக் காண்பதால் நாம் அதனை ஏராளம் என்று நினைக்கிறோம். காட்டுக்குள் அது எப்படி இருக்கிறதென்று போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்?

லோத்தோங்கின் செய்தி இன்னும் நுட்பமானது. அதன் வயிறு பல அறைகள் கொண்டது. அங்கே இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கும். நாம் அன்போடு தரும் இனிப்புப் பண்டமும் ரொட்டியும் அந்த வயிற்றைக் கெடுக்கும். நமக்கு விருந்து, அதற்கு நோய். மயிலுக்குப் போர்வை பயனற்றதாய்ப் போயிற்று, அவ்வளவே. இங்கோ போர்வை மூச்சை அடைக்கிறது.

இவ்வளவும் அம்மையாரிடம் நம்மால் இயன்றவரை எளிதாகச் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு ஒரு சொல் சொன்னார்: "காட்டை அழித்தவர்கள் நாம்தானே, தம்பி? அதற்காகவாவது கொடுக்க வேண்டாமா?"

இச்சொல் நம்மைத் தடுத்து நிறுத்தியது. கரையோரம் கரும்புத் தோட்டமானதும், பின்னர் மேட்டுநிலமெங்கும் பால்மரக் காடானதும் வரலாறு. வெட்டச் சொன்னவன் துரை. இலாபம் போனது இலண்டனுக்கு. ஆனாலும் வெட்டிய கோடரிகளில் பல நம்மவர் கையில் இருந்தன. வயிற்றுக்காக வெட்டினோம் என்பது உண்மை. வெட்டினோம் என்பதும் உண்மை. எனவே கடன் ஒன்று உண்டு என்று அந்த அம்மையார் சொன்னதை நாம் மறுக்கவில்லை. ஆயின் வீட்டைப் பறித்த கடனைக் கச்சான் கொட்டையால் அடைக்க முடியுமா? நம் பாட்டன் காலத்துத் துரைமாரும் தீபாவளிக்கு லயத்தில் மிட்டாய் வீசியதுண்டு. வாங்கித் தின்றோம். அதனால் கணக்குத் தீர்ந்ததென்று நாம் எண்ணினோமா? வீசுகிறவன் மேலே நிற்கிறான். பொறுக்குகிறவன் கீழே நிற்கிறான். அந்த நிலையைத் தன்மானமுள்ள எவனும் தனக்கு ஏற்கமாட்டான். பிற உயிருக்கு மட்டும் அதனை அறமென்று எப்படிச் செய்வது?

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். பார்ப்பதென்பது வெறுங்கண் செயலன்று. இங்கிலாந்திலே செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவர் தம் ஊர்ப் பறவைகளையும் புழுக்களையும் ஆண்டுக்கணக்கிற் பார்த்து 1789-இல் நூலாக வெளியிட்டார். ஒன்றுபோல் தோன்றும் மூன்று சிறு குருவிகளை அவற்றின் பாட்டைக் கேட்டே மூன்று வெவ்வேறு இனங்கள் என்று பிரித்தறிந்தவர் அவர். மண்புழு இல்லாவிட்டால் நிலம் கெட்டுவிடும் என்று எழுதியவரும் அவரே. அவருக்கு ஓய்வும் வருவாயும் இருந்தன என்பீர்கள். இருந்தன. ஆனால் மலையும் பறவையும் ஓய்வுள்ளவருக்கே உரியவை என்று ஆங்கில நாட்டுத் தொழிலாளர் ஒப்பவில்லை. 1932 ஏப்ரலில் மான்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளர் சில நூறு பேர், நிலக்கிழார்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். ஐவர் சிறை சென்றனர். ஆறு நாள் ஆலைப் புகையில் நின்றவர்கள் ஏழாம் நாளில் மலையைக் காண்பதற்காகச் சிறை சென்றார்கள்! நமக்கோ கொடிமலையின் பாதை திறந்தே கிடக்கிறது. இந்த மலையும் அதைச் சூழ்ந்த காடும் கடலும் சேர்ந்து 12,481 ஹெக்டேர் பரப்பை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. நம் ஞாயிற்றுக்கிழமையோ வாயிலோரத்துக் கச்சானோடு முடிந்துவிடுகிறது.

பார்த்துவிட்டுக் கொடுத்த கொடை ஒன்றும் இத்தீவிலேயே உண்டு. தெலுக் பாகாங்கில் காட்டைப் பிளந்து செல்லும் சாலையை லோத்தோங்குகள் தரைவழியே கடந்தபோது வண்டிகளில் அடிபட்டு மாண்டன. அவற்றை நெடுநாள் பின்தொடர்ந்து, எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குப் போக விரும்புகின்றன என்று குறித்துவந்த 'லங்கூர் பிராஜெக்ட் பினாங்' குழுவினர், 2019-இல் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். தீயணைப்புப் படையினர் பயன்படுத்திக் கழித்த நீர்க்குழாய்களே அதற்குக் கயிறு. கீழே வண்டிகள் ஓட, மேலே குரங்குகள் மரத்துக்கு மரம் போகின்றன. கொடுத்தவர் யாரென்று குரங்குக்குத் தெரியாது. கையை நோக்கி ஓடிவந்து நன்றி காட்டாது. படம் பிடிக்கும் அளவுக்கு அருகில் வராது. கொடுத்தவருக்கு அதில் கிடைப்பது ஒன்றுமில்லை.

இங்கேதான் பேகனை மீண்டும் நினைக்கிறோம். அவ்வள்ளல் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். பரிசில் வேண்டி வந்த புலவர்கள் பரிசிலை விட்டு, அவள் துயரைத் தீர்க்கும்படி அவனிடம் இரந்தார்கள். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரின் ஐந்து பாட்டுகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை இதற்கே சான்றாய் நிற்கின்றன. மயிலின் குளிர் தெரிந்த கண்ணுக்கு வீட்டுக்குள் அழுதவளின் கண்ணீர் தெரியவில்லை! மயிலுக்குக் கொடுத்தால் புகழ் வரும். மனைவியிடம் திரும்பினால் கடமை தீரும், அவ்வளவே. வள்ளல் எதைத் தேர்ந்தான் என்று நாடு அறியும். கொடைமடம் என்று நாம் போற்றி வந்ததில் எத்தனை பங்கு கொடை, எத்தனை பங்கு மடம் என்று அந்த நால்வரும் அன்றே அளந்து பார்த்துவிட்டார்கள் போலும்.

மூதாட்டியார் நாம் சொன்னவற்றை ஏற்றாரா என்று நமக்கு உறுதியில்லை. "அப்படியானால் நான் எதைத்தான் கொடுப்பது?" என்று கேட்டார். அதற்குள் பேத்தி ஒருத்தி அவர் முந்தானையை இழுத்து மேலே காட்டினாள். ஓடையோரத்து மரத்தின் கிளையில் லோத்தோங் ஒன்று அமர்ந்திருந்தது; மடியில் பொன்னிறக் குட்டி. அம்மையார் கண்ணுக்கு மேல் கை வைத்து நிமிர்ந்து பார்த்தார். "இதை நான் பார்த்திருக்கிறேன். நான் பால் வெட்டப் போன புதிதில், காட்டோரத்து நிறையில் வந்து உட்காரும். அப்போது அண்ணாந்து பார்க்க எங்கே நேரம்? தண்டல் வந்துவிடுவான்" என்றார்.

பிறகு, கீழே சூழ்ந்திருந்த குரங்குகள் காணாதபடி மீதிக் கச்சானை முந்தானையில் முடிந்துகொண்டு, பேத்தியின் தோளைப் பற்றியபடி அங்கேயே நின்றார். அம்மரத்திலிருந்த குரங்கு இலையைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் கழுத்து வலிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.