'ஏ' எழுதும் பிள்ளைக்கு

புனிதர்களையும் துறவற சபைகளையும் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல உட்காரும்போது நாம் ரோமாபுரிக்கே போய்விடுகிறோம். கோவில்பட்டிப் பெற்றோர் காமநாயக்கன்பட்டியிலிருந்து தொடங்கலாமே! 300 ஆண்டுகளுக்கு முன், இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ஒருவர் இந்தக் கரிசல் மண்ணில் பணியாற்றினார். வீரமாமுனிவர்தான் அவர். புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனாலும், "துறவின்னா என்னம்மா?" என்று கேட்கும் பிள்ளைக்கு இவரைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. பிறந்த ஊரை விட்டார். வந்த ஊரின் மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்டார். சதுரகராதி தந்தார். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரிய வழி செய்தார். சிலேட்டில் 'ஏ' எழுதும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

அதே சபையின் அருளானந்தர் 1693இல் ஓரியூரில் உயிர் கொடுத்தவர். 2022இல் புனிதரான தேவசகாயமோ துறவியல்லர், மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். புனிதம் அங்கி அணிந்தவருக்கு மட்டுமன்று என்று பிள்ளை அறிய அவர் கதை வேண்டும்.

ஆகஸ்ட் 15, பரலோக மாதா திருவிழா. பிள்ளைகளைக் காமநாயக்கன்பட்டிக்கு அழைத்துப் போங்கள். போகும் வழியிலேயே கதையைத் தொடங்குங்கள்.