வாசலை மறித்த கூட்டம்



மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து இப்போது வாசிக்கக் கேட்டோம். ஆண்டவர் கப்பர்நாகூமில் ஒரு வீட்டில் இருக்கிறார். செய்தி பரவி ஊரே திரண்டுவிட்டது. உள்ளே இடமில்லை, வாசலுக்கு வெளியேயும் இடமில்லை. முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். வழி கிடைக்காமல் கூரைமேல் ஏறி, கூரையைப் பிரித்து, அவரை ஆண்டவர் முன் இறக்குகிறார்கள். அந்த நால்வருடைய விசுவாசத்தைப் பற்றி நீங்கள் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். இன்று நான் வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்றாட வேலையைப் போட்டுவிட்டு ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்க வந்தவர்கள். ஆண்டவரும் அவர்களைக் கடிந்துகொண்டதாக நற்செய்தியில் இல்லை. ஆனால் அவர்கள் நின்ற இடம் வாசல். முகம் ஆண்டவர் பக்கம், முதுகு நோயாளி பக்கம். அத்தனை பேரில் ஒருவராவது திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் வழி விடுங்கப்பா, ஆள் முடியாம இருக்காரு" என்று சொல்லியிருந்தால் கூரையைப் பிரிக்க வேண்டியே வந்திருக்காது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் உட்தெருக்கள் பல இருபதடிதான். இரண்டு பக்கமும் கார் நின்றால் பக்கத்துக்கு ஆறடி போய்விடும். நடுவில் மிஞ்சுவது எட்டடி. 108 ஆம்புலன்ஸ் ஆறரை அடி அகலம். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் ஓட்டுநர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். அந்த எட்டடிக்குள் ஒரு ஸ்கூட்டியின் பின்சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், தெரு அடைத்துவிட்டது. தீயணைப்பு வண்டியைப் பற்றி நான் பேசவே தேவையில்லை.

மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில் வயதான ஒரு தாயாருக்கு நோயில் பூசுதல் கொடுக்க அழைத்திருந்தார்கள். நான் போனபோது ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தது. பாதித் தெருவில், டிரான்ஸ்பார்மரை ஒட்டி ஒரு கார். எதிரே வீடு கட்டுகிறவர்கள் கொட்டியிருந்த ஜல்லி. காரில் போன் நம்பர் எதுவும் இல்லை. ஹாரன் அடித்துப் பார்த்தார்கள், வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்து, மகனும், பக்கத்து ஃபிளாட் வாட்ச்மேனும், இஸ்திரி போடுகிறவரும், ஒரு ஆட்டோக்காரத் தம்பியும் தூக்கிக்கொண்டு போனார்கள். காருக்கும் ஜல்லிக்கும் நடுவே நாற்காலி நேராகப் போகாது, பக்கவாட்டில் சாய்த்தார்கள். வலியில் அந்த அம்மா வாட்ச்மேனின் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நால்வரில் மகனைத் தவிர வேறு யாரும் கிறிஸ்தவர் இல்லை. அம்மா பிழைத்துக்கொண்டார்கள், ஆண்டவருக்கு நன்றி. காருக்குச் சொந்தக்காரர் அடுத்த தெருவில் ஒரு வளைகாப்புக்கு வந்தவராம். விஷயம் தெரிந்ததும் பதறிப்போய் மருத்துவமனைக்கே வந்து அழுதார். அவரும் கெட்டவர் இல்லை. "பத்து நிமிஷத்துல வந்துடலாம்னு நெனச்சேன் ஃபாதர்" என்றார்.

அந்தப் பத்து நிமிடம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. பால் வாங்க ரெண்டு நிமிஷம், பிள்ளையை டியூஷனில் விட ரெண்டு நிமிஷம், பார்சல் வாங்க ஐந்து நிமிஷம். யாரையும் துன்புறுத்த வேண்டும் என்று நினைத்து யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. அந்த நேரத்தில் பிறரைப் பற்றி நினைப்பதே இல்லை என்பதுதான் குற்றம்.

"சாலை விதியெல்லாம் பிரசங்கத்தில் எதற்கு ஃபாதர்?" என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் முப்பதாம் பத்தியைப் படித்துப் பாருங்கள். சமூக வாழ்வுக்கான விதிகளை அற்பமாக நினைக்கிறவர்களைப் பற்றி அங்கே சங்கத் தந்தையர் கவலைப்படுகிறார்கள். வாகன வேக வரம்பையே அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 2007 ஜூன் மாதம் வத்திக்கான் சாலை மேய்ப்புப் பணிக்கென்றே ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டது. வாகனம் ஓட்டுகிறவர்களுக்குப் பத்துக் கட்டளைகள் அதில் இருக்கின்றன. சாலை மனிதரை மனிதரோடு இணைப்பதற்கு என்று ஒரு கட்டளை. வாகனத்தை அதிகாரத்தின், ஆதிக்கத்தின் அடையாளமாக்கிக்கொள்ளக் கூடாது என்று இன்னொன்று. சாலையில் எளியவரைக் காக்க வேண்டும் என்று மற்றொன்று. எனவே இது காவல்துறையின் பாடம் மட்டும் இல்லை. ஒப்புரவுக்கு வரும்போது மனச்சான்றை ஆராய வேண்டிய விஷயம். பிறர் வளாகத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே சொல்லப்பட்டது. அவசர ஊர்திக்கு வழி விடாதவர்களுக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 10,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து வழி விடுவதும் நல்லதுதான். விசுவாசிக்கு அது போதாது.

இந்தப் பிரச்சினைக்கு வேர் எங்கே இருக்கிறது? தொடக்க நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆபிராமும் லோத்தும் பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவே கூடாரம் அடித்திருக்கிறார்கள். இருவருக்கும் ஆடுமாடு பெருகிவிட்டது, நிலம் பெருகவில்லை. இருவரும் சேர்ந்து வாழ அந்த இடம் தாங்கவில்லை. சண்டை வருகிறது. யாருக்குள்? ஆபிராமுக்கும் லோத்துக்கும் இல்லை, அவர்களுடைய மேய்ப்பர்களுக்குள். நம் அடுக்குமாடி வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். கீழே டிரைவரும் வாட்ச்மேனும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு குடும்பம் இருந்த மனையில் இன்று எட்டு ஃபிளாட். ஃபிளாட்டுக்கு ஒரு கார் என்று கீழ்த்தளத்தில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது கார் எங்கே போகும்? தெருவுக்குத்தான். ஆண்டவர் கொடுத்த வளம்தான் கார். வளம் பெருகும்போது இடமும் சேர்ந்து பெருகாது என்பதை நாம் யோசிப்பதில்லை. ஜப்பானில் 1962-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். கார் நிறுத்த இடம் இருப்பதைக் காட்டினால்தான் பெரும்பாலான நகரங்களில் காரைப் பதிவுசெய்ய முடியும். இங்கே அப்படி ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த கார் வாங்க ஷோரூமுக்குப் போகும் முன், குடும்ப செபம் முடிந்ததும் கேளுங்கள்: இது இரவில் யாருடைய வாசலில் தூங்கும்?

ஆபிராம் செய்ததையும் பார்க்க வேண்டும். அவர் பெரியவர். உரிமை அவருடையது, அழைப்பும் அவருக்குத்தான் வந்தது. ஆனாலும் சகோதரர் மகனைப் பார்த்து முதலில் நீ தேர்ந்துகொள், மிச்சத்தை நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். உரிமை உள்ளவர் முதலில் விட்டுக்கொடுக்கிறார். நம் தெருவில் யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறோமா?

நாம் செய்வது வேறு. பொதுத் தெருவில் நம் மதிலை ஒட்டிய இடம் நமக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். பூந்தொட்டி, மணல் மூட்டை, சங்கிலி, 'நோ பார்க்கிங்' பலகை. இவை பெருகிப் பெருகி விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. அனுமதி இல்லாமல் வைத்த பலகைகளையும் தடுப்புகளையும் எடுத்துவிடும்படி 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவிப்புக் கொடுக்க வேண்டிவந்தது. நம் மதிலோரம் வெளியாள் வண்டியை நிறுத்திவிட்டால் டயரில் காற்றை இறக்கிவிடுகிறோம், சாவியால் பெயின்ட்டில் கோடு கிழிக்கிறோம். கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும். காற்றை இறக்கிய கையோடு அப்பத்தை வாங்க வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வண்டி ஏற சாய்தளம் கட்டி நடைபாதையைப் பாதி விழுங்கியவர்களும் நம்மில் உண்டு. அதனால் வழி இழந்தவர்கள் கார் இல்லாதவர்கள். காய்கறிப் பையோடு நடுரோட்டில் நடக்கிற பாட்டி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்துக்குப் போகிற தாய், இரண்டு கார்களுக்கு நடுவே குப்பை வண்டியை நுழைக்க முடியாமல் கூடையைத் தலையில் தூக்கிவருகிற துப்புரவுப் பணியாளர். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தபோது, கடைவாசலில் கார் நிறுத்த முடியாதே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று அங்கே போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வந்தவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போக முடிகிறது. கார் விட்டுக்கொடுத்த இடத்தில் மனிதர் நடக்கிறார்.

இடம் விட நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், மயிலையில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் பவனி வரும்போது நான்கு மாடவீதிகளையும் பாருங்கள். ஒரு கார் நிற்காது. நம் இந்துச் சகோதரர்கள் முதல்நாளே வண்டிகளை எடுத்து எங்கெங்கோ கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தெருவோரத்தில் நீர்மோரும் சாப்பாடும் வைத்து வருகிறவர்களை உபசரிப்பார்கள். பெசன்ட் நகரில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அன்னை வேளாங்கண்ணியின் தேருக்கு நாமும் வழி விடுகிறோம். அந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் எவ்வளவு பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் நன்றியோடு நினைக்க வேண்டும். அன்னையின் சுரூபத்துக்குத் தெருவை ஒழித்துக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற ஒரு தாய்க்கு எட்டடி விட ஏன் மனம் வருவதில்லை? சிறியோருக்குச் செய்வதைத் தமக்கே செய்ததாக எடுத்துக்கொள்கிறவர் நம் ஆண்டவர். அந்த ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது நம் கோவில் வாசலுக்கு வருகிறேன். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வரும்போது வண்டிகளை எங்கே நிறுத்துகிறோம்? வளாகம் நிரம்பியதும் எதிர்வரிசை வீடுகளின் கேட்டுக்கு முன்னால். சைட் லாக்கும் போட்டுவிட்டு உள்ளே வந்து முழந்தாளிடுகிறோம். அந்த வீட்டுக்காரர்கள் வண்டியை நகர்த்துவதற்குக்கூட முடியாமல் திருப்பலி முடியும்வரை காத்திருக்கிறார்கள். அவர்களில் டயாலிசிஸுக்குப் போகிற ஒரு பெரியவர் இருக்கிறார். "அவங்க சாமி கும்பிட வந்திருக்காங்க, நாம என்ன சொல்றது" என்று அந்தக் குடும்பம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கப்பர்நாகூமில் வாசலை மறித்த கூட்டம் நாம்தான், இறைமக்களே. ஆண்டவரைப் பார்த்துக்கொண்டே நோயாளிக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம்.

அடுத்த ஞாயிறு முதல் நடந்து வரக்கூடியவர்கள் நடந்து வாருங்கள். ஒரே தெருவிலிருந்து நான்கு கார் வருவதற்குப் பதில் அன்பியத்தில் பேசி ஒரே காரில் வாருங்கள். முடியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் வளாகத்துக்குள் இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். வண்டி எங்கே நின்றாலும் போன் நம்பர் வெளியே தெரியும்படி எழுதி வையுங்கள். திருப்பலியில் இருந்தாலும் அழைப்பு வந்தால் எழுந்து போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பங்குப் பேரவை உறுப்பினர்கள் இருவர் இனி ஒவ்வொரு ஞாயிறும் எதிர்வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொள்வார்கள். இளைஞர் இயக்கத்தினர் அவர்களுக்கு உதவ வேண்டும்.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவு செய்துகொள்ளச் சொன்னார் ஆண்டவர். நாம் இன்னும் காணிக்கைப் பவனிக்கு வரவில்லை. எதிர்வீட்டு வாசலில் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் இப்போதே எழுந்து போய் எடுத்துவிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் வந்தபிறகு எல்லோரும் சேர்ந்து விசுவாச அறிக்கையைச் சொல்வோம். நாங்கள் காத்திருக்கிறோம்.