கடனை அடைக்கும் அவசரமும் அடுப்பெரியும் அவசியமும்

வட்டியிலிருந்து விடுபட வேண்டும் என்ற துடிப்பு ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் எழுமானால், அது அல்லாஹ் அளித்த அருட்கொடை. அறியாமையாலோ அவசரத்தாலோ வட்டிக் கடனில் வீடு கட்டிவிட்டு, பின்னர் அதன் கொடுமையை உணர்ந்து, இருபது ஆண்டுக் கடனைப் பத்தாண்டில் முடித்துவிட வேண்டுமென்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பணம் சேர்க்கும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு. அல்லாஹ் அவர்களின் நாட்டத்தை நிறைவேற்றுவானாக! ஆனால், பாதி வழியில் வேலை போய்விட்டால்? கையில் கிடைக்கும் கணக்குத் தொகை முழுவதையும் வங்கியில் கொட்டி வட்டியிலிருந்து ஓடிவிடுவதா? வீட்டுச் செலவுக்கு நிறுத்தி வைப்பதா? இந்தக் கேள்விக்கு மார்க்கம் தரும் வழிகாட்டுதலையே இம்மாதம் நாம் சிந்திக்க முற்படுகிறோம்.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். பெரிய ஏரியும் அதை நம்பிய நஞ்சையுமாக இருந்த ஊர். இதைப் போன்ற ஊர்களின் பிள்ளைகள் இன்று ஏர் பிடிப்பதைவிட, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுவதே அதிகம். மாதச் சம்பளம் வந்தது. சம்பளச் சீட்டைக் காட்டினால் வங்கி கடன் கொடுத்தது. ஓட்டு வீடு இருந்த இடத்தில் தளம் போட்ட வீடு எழுந்தது. சொந்த மனையில் சொந்த வீடு என்பது இந்த மண்ணில் பழைய கௌரவம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே, சபையில் இடம்பெற விரும்புகிறவர் தம் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற விதியைக் காண்கிறோம். அந்த ஆசையை நாம் குறை கூறவில்லை.

ஆனால் தொழிற்சாலை நிலையானதா? ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி தயாரித்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் தொகை பெற்று வெளியேறியிருந்தனர். 2021 செப்டம்பர் 9-ம் தேதி ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது. உழைப்பில் குறை வைக்காதவர்களும் வேலை இழந்தார்கள். அச்சம், பசி, பொருள் இழப்பு ஆகியவற்றைக் கொண்டு மனிதர்கள் சோதிக்கப்படுவார்கள் என்று திருமறை (2:155) முன்னரே எச்சரித்துவிட்டது. ஆகவே வேலை போனவர் தன்னை இழிவாக எண்ண வேண்டியதில்லை. ஊரார் அவரை இழிவாகப் பேசுவதற்கும் உரிமையில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 9 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுத் தவணையில் 10 லட்சம் ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 9,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது சுமார் 1,500 ரூபாய்தான். எட்டு ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல், மொத்தம் 8 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் கட்டிய பிறகும், பாக்கி சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம் நிற்கும். இருபது ஆண்டும் கட்டினால் வாங்கிய 10 லட்சத்துக்குக் கொடுப்பது 21 லட்சத்து 59 ஆயிரம்! வட்டி ஏன் ஹராமாக்கப்பட்டது என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ? வட்டியை விடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவன் ரஸூலும் போர் அறிவிப்பதாக அருள்மறை (2:279) கூறுவதைப் படித்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியுமா?

இந்நிலையில் அந்தச் சகோதரருக்கு வேலை போகிறது. கணக்கு முடித்து 6 லட்சம் ரூபாய் வருகிறது. முழுவதையும் கட்டிவிட்டால் பாக்கி 1 லட்சத்து 90 ஆயிரம்தான். பெரும் சுமை இறங்கும் என்று உள்ளம் சொல்கிறது. பக்தியும் அதையே சொல்வதுபோல் தோன்றுகிறது.

இங்கேதான் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குக் கை கொடுக்கிறது. ஹிஜ்ரி 9-ம் ஆண்டு தபூக் போருக்குச் செல்லாமல் தங்கிவிட்ட அவர்களுடன் ஐம்பது நாட்கள் மதீனாவில் யாரும் பேசவில்லை. ஐம்பதாம் நாள் அவர்களின் தவ்பா ஏற்கப்பட்ட செய்தி வந்தது. மகிழ்ச்சிப் பெருக்கில் கஅப் (ரலி) அவர்கள், தம் தவ்பாவின் ஒரு பகுதியாகச் செல்வம் முழுவதையும் அல்லாஹ்வின் பாதையில் கொடுத்துவிடுவதாகக் கூறினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. செல்வத்தில் ஒரு பகுதியைத் தமக்காக வைத்துக்கொள்ளும்படியும், அதுவே அவருக்கு நல்லது என்றும் அறிவுறுத்தினார்கள். கைபரில் இருந்த தம் பங்கைக் கஅப் (ரலி) வைத்துக்கொண்டார்கள். புகாரி ஷரீபில் பதிவாகியுள்ள செய்தி இது. ஏற்கப்பட்ட தவ்பாவின் உற்சாகத்திலும் கூட வெறுங்கையாகிவிட வேண்டாம் என்பதே நாயகம் (ஸல்) காட்டிய வழி.

“கஅப் (ரலி) கொடுக்க முனைந்தது தர்மம், இதுவோ கடனாயிற்றே” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடன் கட்டாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால், இன்று கடனாக நிற்பது எது? இம்மாதத் தவணை. மீதிக்குத் தவணைக்காலம் இருக்கிறது. அதை முன்கூட்டியே கட்டுவது நன்மையான செயல். சக்தி இருந்தால் தாமதிக்கக் கூடாத செயல். மனைவி மக்களின் உணவோ இன்றே, இவ்வேளையே, நம்மீது கடமை. தன் பொறுப்பில் இருப்பவர்களைப் பட்டினி போடுவதே ஒருவன் பாவியாவதற்குப் போதும் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. கடனில் மூழ்கி நொடித்தவனின் பொருளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும்போதுகூட, அவனுக்கும் அவன் குடும்பத்துக்குமான உணவையும் உடையையும் விட்டுவைக்க வேண்டும் என்று பிக்ஹு நூல்கள் சட்டம் வகுத்துள்ளன. கடன்காரனே விட்டுவைக்க வேண்டியதை நாமே ஏன் பறித்துக்கொள்ள வேண்டும்? இயன்ற அளவு அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்பதே இறைக்கட்டளை (64:16).

இன்னொரு உண்மையும் உண்டு. வங்கியில் கட்டிய பணம் திரும்ப வராது. 6 லட்சம் கட்டிவிட்டாலும் அடுத்த மாதத் தவணை நிற்பதில்லை. பெரும்பாலும் தவணைகளின் எண்ணிக்கைதான் குறையும். சம்பளமில்லாத வீட்டில் மூன்றாம் மாதம் என்ன நடக்கும்? தவணைக்கும் அரிசிக்குமாக ஒரு லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,000 ரூபாய். ஆண்டுக்கு 36 ஆயிரம்! 9 சதவீத வட்டிக்கு அஞ்சி ஓடியவர் 36 சதவீதத்தின் வாயில் போய் விழுகிறார். பழைய வட்டியை அடைக்கப் புது வட்டி வாங்குவது சேற்றைச் சேற்றால் கழுவுவதல்லவா?

தாமல் ஏரியைப் பாருங்கள். நீர் நிறைந்திருக்கிறது என்பதற்காக ஒரே நாளில் மதகுகள் அனைத்தையும் திறந்துவிடுவார்களா? நாற்றுக்கு எவ்வளவு, கதிர் முற்றும்வரை எவ்வளவு என்று அளந்தல்லவா விடுவார்கள்! கைக்கு வந்த கணக்குத் தொகையும் அப்படித்தான். குடும்பச் செலவு 15,000, தவணை 9,000 என்றால் மாதம் 24,000. ஓராண்டுக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். இதைத் தனியே எடுத்து வையுங்கள். மீதி 3 லட்சத்து 12 ஆயிரத்தை உடனே வங்கியில் கட்டுங்கள். மாத வட்டி சுமார் 5,900-லிருந்து 3,600 ரூபாயாக இறங்கும். தவணைத் தொகையையும் குறைத்துத் தருமாறு எழுதிக் கேளுங்கள். மாறும் வட்டி வீதத்தில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாதென 2012 ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வேலை கிடைத்த மறுமாதமே, எடுத்து வைத்ததில் மீந்ததையும் கட்டிவிடுங்கள். அந்த ஓராண்டில் கூடுதலாகப் போகும் வட்டி உறுத்தத்தான் செய்யும், உறுத்தவும் வேண்டும். அந்த உறுத்தலை இஸ்திக்ஃபாராக மாற்றுங்கள்.

கணக்கு முடிக்கும்போது உரிமையை விட்டுவிடாதீர்கள். ஆட்குறைப்புக்கு உள்ளான தொழிலாளிக்கு, பணியாற்றி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாக 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த அளவு தொடர்கிறது. பணிக்கொடை அதற்குப் புறம்பானது. வருங்கால வைப்பு நிதியும் தனி. உரிமையைக் கேட்டுப் பெறுவது தவக்குலுக்கு மாறானதன்று.

தவணை கட்ட இயலாது என்று தெரிந்தால் ஒளியாதீர்கள். 90 நாட்கள் தவணை நின்றால் அது வாராக் கடன்; அதன்பின் 2002-ம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து வங்கி வீட்டைக் கைப்பற்ற முற்படலாம். அதற்கு முன்பே நேரில் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். மனைவி மனமுவந்து நகையைத் தந்தால் அடகு வைக்காமல் விற்றுவிடுங்கள், அடகிலும் வட்டிதானே! ஆனால் மஹர் அவளது உடைமை. வற்புறுத்தி வாங்க நமக்கு உரிமையில்லை. எல்லா வழியும் அடைபட்டால், ஏலத்துக்குப் போகுமுன் வீட்டை நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனைத் தீர்ப்பதும் கௌரவமே. ஜுபைர் (ரலி) அவர்கள் தமது இறுதி நாளில் மகனை அழைத்து, நிலத்தை விற்றுத் தம் கடனை அடைக்கும்படிதான் கூறினார்கள். மண்ணும் சுவரும் போனால் மீண்டும் வரும். கடனோடு போகும் உயிர் திரும்பி வந்து அடைக்காது.

உழைப்பையும் நிறுத்த வேண்டாம். மக்காவில் செல்வராயிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வெறுங்கையாக மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்குத் துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்றுதான் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். நேற்று இயந்திரத்தை இயக்கிய கை இன்று காய்கறி வண்டி தள்ளினால் அதில் என்ன இழிவு? பறவைகள் கூட்டிலேயே இருந்து இரை பெறுவதில்லை. காலையில் வெறும் வயிற்றோடு பறந்து சென்றுதான் மாலையில் நிறைந்து திரும்புகின்றன. தவக்குலுக்கு நாயகம் (ஸல்) காட்டிய உவமை அதுவல்லவா?

இறுதியாக மஹல்லா ஜமாஅத்தாருக்கு ஒரு சொல். வேலையிழந்தவரைப் பொறுமையாக இருக்கச் சொல்வது எளிது. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ஒருவர் வாங்கிய கனிகள் சேதமாகிக் கடன் பெருகியபோது, அவருக்குத் தர்மம் செய்யுமாறு மக்களிடம் அவர்களே கேட்டார்கள். திரட்டியது கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் கடன் கொடுத்தவர்களிடம் கூறிவிட்டார்கள். கடன்பட்டோருக்கு ஜகாத்தில் ஒரு பங்கை அல்லாஹ்வே (9:60) ஒதுக்கியிருக்கிறான். யாருக்கு, எவ்வளவு என்பதை உலமாக்களிடம் கேட்டுச் செயல்படுங்கள். வசதி படைத்த பத்துப் பேர் ஆளுக்கு 20,000 ரூபாயை வட்டியில்லா அழகிய கடனாக ஒரு பைத்துல்மாலில் வைத்தால் 2 லட்சம் ரூபாய். நாம் மேலே கண்ட சகோதரரின் எட்டு மாதச் செலவு அது! அந்த ஏற்பாடு ஊரில் இருந்திருந்தால், வட்டி வாசலை அவர் மிதித்திருப்பாரா? வட்டி ஹராம் என்று மிம்பரில் முழங்கும் நாம், ஹலாலான வாசலையும் திறந்து வைக்க வேண்டாமா?

நாயகம் (ஸல்) அவர்கள் உலகைப் பிரிந்தபோது அவர்களின் போர்க்கவசம், குடும்பத்துக்காக வாங்கிய முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானமாக இருந்தது. வீட்டாரின் உணவுக்காகக் கவசத்தை அடகு வைத்தார்கள்; வட்டி கொடுக்கவுமில்லை, குடும்பத்தைப் பட்டினி போடவுமில்லை. நாம் தேட வேண்டிய நடுவழி அந்த வீட்டில் இருக்கிறது.

கவலையிலிருந்தும், கடன் சுமையிலிருந்தும், மனிதர்களின் அடக்குமுறையிலிருந்தும் பாதுகாப்புத் தேடி நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட துஆவை நாமும் காலையிலும் மாலையிலும் கேட்போம். வேலையிழந்தோருக்கு ஹலாலான வாழ்வாதாரத்தையும், கடன்பட்டோருக்கு விடுதலையையும், வசதியுள்ளோருக்கு விரிந்த உள்ளத்தையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.