ஆதனம் பகிர்தலும் இல்லறத்தான் கடனும்

இல்லறத்தான் ஒருவன் நன்னெறியில் நின்று ஈட்டிய பொருள், அவனுக்குப்பின் அவன் மக்களுக்குள்ளே பகைக்கு வித்தாகுமாயின், அப்பகையில் அவனுக்கும் பங்குண்டோ? உண்டென்பதே எமது துணிபு. “யாம் போனபின் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று வாளாவிருப்போர் பலர். அதனைப் பற்றின்மை எனவுங் கருதுவர். பற்றறுத்தலாவது பொருளின்மேலுள்ள ஆசையை விடுதலேயன்றி, அப்பொருளாற் பிறர்க்கு விளையுந் தீங்கைக் கருதாதுவிடுதலன்று.

யாழ்ப்பாணத்துக் காணிகளைக் கொண்டு இதனை ஆராய்வாம். 16 பரப்புக் காணியுடைய ஒருவர் யாதும் எழுதாது இறப்பின், அது அவர் மக்கள் நால்வருக்கும் பிரிபடாப் பங்காகச் சேரும். அந்நால்வர்க்கும் நந்நான்கு மக்களாயின், அடுத்த தலைமுறையில் உரிமைக்காரர் 16 பேராவர். கிணறோ ஒன்று, வாய்க்காலும் ஒன்று. அவருட் சிலர் 1983ஆம் ஆண்டின்பின் கனடாவிலும் ஐரோப்பாவிலுங் குடியேறியிருப்பர். சிலருடைய உறுதிகள் 2009ஆம் ஆண்டில் முடிந்த போரிலே அழிந்திருக்கும். அக்காணிமேற் பாகப்பிரிவினை வழக்கு எழின், அளவைப்படம் ஆக்குவித்தும், இடையில் இறந்தார்க்கு அவர் வழித்தோன்றல்களைச் சேர்த்தும் ஆண்டுகள் பல கழியும். வழக்குச் செலவு காணியின் பயனை விழுங்கிவிடும். உடன்பிறந்தார் ஒருவர் வீட்டுச் சாவுக்கும் ஒருவர் செல்லாதிருப்பர்.

இதனைத் தவிர்க்கும் வழி நமக்குப் புதியதன்று. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்துரைத்தது. மகளுக்கு மணநாளிலே சீதனவுறுதி முடித்துக்கொடுத்தல், பெற்றோர் தம் வாழ்நாளிற் செய்யும் பங்கீடன்றோ? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணி கொடுக்கும் உறுதி நொத்தாரிசு முன்னிலும் சாட்சிகள் இருவர் முன்னிலும் எழுதப்படல் வேண்டும். மரணசாதனம் அவ்வாறேனும், நொத்தாரிசின்றிச் சாட்சிகள் ஐவர் முன்னிலேனும் எழுதப்படலாம். ஆயின் மரணசாதனம், எழுதியவர் இறந்தபின், பொதுவாக மாவட்ட நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படல் வேண்டும். நன்கொடையுறுதியோ பெறுவோன் ஏற்றுக்கொண்டவளவில் நிறைவேறும். ஆதலின் நீதிமன்றஞ் செல்லாமையை வேண்டுவோர் நன்கொடையுறுதியையே நாடுவர்.

“கொடுத்தபின் பிள்ளை எம்மைக் கைவிடின் யாது செய்வாம்?” எனின், உறுதியிலேயே சீவிய உரித்தைத் தமக்கு நிறுத்திக்கொள்ளல் அதற்குப் பரிகாரமாம். மீட்கவியலாதெனக் கொடுத்த நன்கொடையையும், கொடிய நன்றியின்மை காரணமாக நீக்குவித்தற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடந்தருகின்றது. ஆயினும் அது மீளவும் நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியேயாம்.

இனி, இவ்வழிகளால் எல்லாம் நேராகிவிடுமோவெனின், ஆகாது. நோயுற்ற தாயைத் தன் வீட்டில் வைத்திருக்கும் மகன், ஏனையோர் அறியாவண்ணம் முழுக்காணிக்கும் உறுதி முடிப்பித்துக்கொள்கின்றான் என்க. அவ்வுறுதி ஒருகால் வழக்கின்றியே நிலைபெறினும், அங்கே அறம் நிலைபெற்றதென்று கூறலாமோ? நீதிமன்றத்தைத் தவிர்த்தல் வேறு. நீதியைத் தவிர்த்தல் வேறு. பங்கு எப்பொழுதுஞ் சமமாயிருத்தல் வேண்டுமென்பதுமில்லை. பெற்றோரை முதுமையிற் பேணிய மகள் சிறிது கூடுதலாகப் பெறுதல் முறையே. ஆனால் அதன் காரணம் மக்கள் யாவருக்கும், கடல்கடந்து வாழ்வோருக்குங்கூட, பெற்றோர் வாயாலேயே சொல்லப்படல் வேண்டும். தந்தை உயிரோடிருந்து கூறியதைப் பொறுத்துக்கொள்ளும் மகன், அவர் இறந்தபின் உறுதியிற் கண்டு திடுக்கிட்டதைப் பொறுப்பதரிது.

உபாத்தியாயர்களே! உறுதி வாசித்துப் பொருள் சொல்லவும், சாட்சியாகக் கையெழுத்திடவும் ஊரவர் உங்களை அழைப்பதுண்டு. கையெழுத்திடுமுன் மூன்று கேளுங்கள்: எழுதுபவர் இதன் பொருளை முற்றும் அறிந்தனரா? தமது சீவியத்துக்கு வேண்டியதை நிறுத்திக்கொண்டனரா? பிள்ளைகள் அனைவருக்கும் அறிவித்தனரா? இம்மூன்றுக்கும் ஆமென்ற விடை கிடைத்தபின்னரே எழுதுகோலை எடுங்கள்.