கூடாரத்தில் ஒரு கால அட்டவணை

நல்ல வீடு இருக்க, மனிதன் ஏன் கூடாரத்தில் போய்ப் படுக்கிறான்? போரினாலும் வெள்ளத்தினாலும் துரத்தப்பட்டு, வேறு வழியின்றித் துணிக்கூரையின்கீழ் வாழ்வோரைப் பற்றி நான் இங்குப் பேசவில்லை. அவர்கள் நிலை வேறு, அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் வேறு. கட்டிலும் மெத்தையும் உள்ள ஒரு குடும்பம், பணம் செலவிட்டு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, இரண்டு மூன்று இரவுகள் மரத்தடியில் தங்கி வருவதைப் பேறாகக் கருதுகிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் கோடை பிறந்துவிட்டால் இது எளிய குடும்பங்களுக்கும் உரிய வழக்கம். அங்குக் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் இதைக் கற்றுக்கொண்டு வருகின்றன. ஒரு கோடையில் விஸ்கான்சின் மாநிலத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது இதனை அருகிலிருந்து காண முடிந்தது. கண்டது ஒரு கேள்வியை எழுப்பியது. அக்கேள்வி அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று என்பதால் இங்கு எழுதத் துணிகிறேன்.

காடு என்று எண்ணிக்கொண்டு போனால் அங்கு நாம் காண்பது காடன்று. காட்டோரத்தில் அமைந்த ஒழுங்கான ஒரு சிற்றூர். முகாம் திடல் என்று அதனைச் சொல்லலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம். அங்கே ஒரு மேசை. நெருப்பு மூட்ட இரும்பு வளையம். வண்டியை நிறுத்த ஒரு கிளைப்பாதை. இந்த அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது, மக்கள் விரும்பிய மரத்தடிக்கெல்லாம் வண்டியை ஓட்டிச் சென்று கூடாரம் அடித்தார்கள். மைனெக்கே என்னும் மரநோய் அறிஞர் கலிபோர்னியாவின் பெருமரங்களை ஆராய்ந்து, சக்கரங்களும் காலடிகளும் மண்ணை இறுக்கிவிடுவதால் வேர்கள் நலிகின்றன என்று கண்டார். மக்களை விரட்ட வேண்டாம்; வண்டி செல்லும் வழி இது, நிற்கும் இடம் இது, மேசை இங்கே, அடுப்பு அங்கே என்று வரையறுத்துவிட்டால் மற்ற நிலம் பிழைத்துக்கொள்ளும் என்று 1930களின் தொடக்கத்தில் அவர் வழி சொன்னார். அந்நாட்டுத் திடல்கள் பலவற்றில் இன்றும் அந்த அமைப்பைக் காணலாம். ஒழுங்கு என்றாலே அது உயிருக்குப் பகை என்று நினைப்போர் இதனைக் கருத வேண்டும். வேரைக் காப்பதற்கென்றே பிறந்த ஒழுங்கு அது.

கூடாரவாசத்தை அமெரிக்கருக்குப் பழக்கியதில் சமயப் போதகர்களுக்கும் பங்கு உண்டு. 1801 ஆகஸ்டு மாதம் கென்டக்கி மாநிலத்துக் கேன் ரிட்ஜில் நடந்த நற்செய்திக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து நாள் கணக்கில் தங்கினர். 1869இல் பாஸ்டன் நகரத்துப் போதகர் வில்லியம் மரே, அடிரான்டாக் மலைக்காட்டில் தங்கும் இன்பத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டுக் கோடையிலேயே நகரத்தார் திரண்டு சென்றனர். விடுதிகளும் வழிகாட்டிகளும் போதாமல் திண்டாடினர். அவர்களுக்கு ‘மரேயின் மூடர்கள்’ என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. மறையுரை கேட்டு மக்கள் இவ்வளவு விரைவாக எழுந்து புறப்பட்டதாக நான் அறிந்ததில்லை.

நம் கேள்விக்கு உரியது பிற்காலத்து மாற்றம். 1962இல் மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில், ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட ஒரு திடல், சுடுநீர்க் குளியலறையும் சிறு கடையும் வைத்து, கே.ஓ.ஏ. என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1969இல் விஸ்கான்சினின் ஸ்டர்ஜன் பே என்னும் ஊரில், யோகி கரடி என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தின் பெயரால் வேறொரு வகைத் திடல் தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அவ்வகைத் திடலில் பகற்பொழுது பிள்ளைகளுக்கே உரியது. கரடி வேடம் அணிந்தவர் வந்து கைகுலுக்குவார். டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஊர்வலம் உண்டு; கைவினைப் பயிற்சி உண்டு; மிட்டாய்ப் பரிசுடன் பிங்கோ உண்டு. ஜூலை மாதத்திலேயே கிறிஸ்துமஸ் விழாவும் உண்டு! நமது திருவழிபாட்டு ஆண்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சற்று மலைப்பாகத்தான் இருந்தது. வாயிலில் நுழையும்போதே ஒரு தாளைக் கையில் தருகிறார்கள். காலை முதல் இரவு வரை எந்த மணிக்கு எங்கே என்ன என்பது அதில் இருக்கிறது.

அத்தகைய திடல் ஒன்றுக்கு நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று என்னை அழைத்துச் சென்றது. தந்தை பொறியாளர். கடற்கரை ஊரில் பிறந்தவர். மீன் பிடிக்க உரிமச் சீட்டும் இரண்டு தூண்டில்களும் வாங்கி வைத்திருந்தார். ஒன்று அவருக்கு, மற்றது எட்டு வயது மகனுக்கு. ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. “வாடா தம்பி, போகலாம்” என்றார். “நாலு மணிக்குப் பிங்கோ இருக்குப்பா” என்றான் பையன். மறுநாள் காலை கேட்டார், கைவினை இருந்தது. மாலை கேட்டார்; கரடியோடு படம் எடுக்க வேண்டியிருந்தது. “அவனுக்கு நல்லாப் பொழுது போகுது சாமி, அதுதானே வேணும்” என்று சொல்லிக்கொண்டே தூண்டில்களை வண்டியில் திரும்ப வைத்தார். இதைக் கண்டு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அடுப்பின் அருகே அமர்ந்திருந்த தாய் முந்திக்கொண்டார்: “சாமி, அவன் அங்கே இருந்த அந்த ரெண்டு மணி நேரம்தான் நான் உட்கார்ந்தேன்.”

அப்படியாயின் எது சரி? பிள்ளையின் ஓய்வுப்பொழுது யாருக்கு உரியது? அதனை ஒழுங்குசெய்து தருவோரிடம் கொடுத்துவிடுவது அன்பா, கடமையைக் கைமாற்றுவதா?

முதலில் விளையாட்டைக் குறைத்துப் பேசுவோருக்கு ஒரு சொல். புனித அக்குவினா தோமா, விளையாட்டைக் குறித்து ஒரு நற்பண்பு உண்டா என்று தம் இறையியல் தொகுப்பில் வினவி, உண்டு என்றே விடை தருகிறார். அங்கே பழைய துறவியர் மரபிலிருந்து ஒரு கதையையும் எடுத்தாள்கிறார். திருத்தூதர் அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். பலமுறை எய்தபின், இடைவிடாமல் எய்துகொண்டே இருப்பாயா என்று கேட்டார். வில் முறிந்துபோகுமே என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் அருளப்பர். விளையாட்டில் மிகுதி குற்றம் என்பதோடு தோமா நிற்கவில்லை; சிரிப்பும் விளையாட்டும் அறவே இல்லாது பிறருக்குச் சுமையாக இருப்பதும் குற்றமே என்கிறார். ஆகவே கரடி வேடக்காரர்மீது நமக்கு வழக்கில்லை.

ஆனால் அந்த வில்லைப் பற்றி இன்னும் சற்றுச் சிந்திக்கலாம். நாணைத் தளர்த்தினால்தான் வில்லுக்கு ஓய்வு. ஓர் இலக்கை விட்டு வேறோர் இலக்கை நோக்கி எய்வது ஓய்வாகாது. ஒன்பது மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று, இரண்டு மணிக்கு மற்றொன்று என்று ஓடும் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து விடுபட்டிருக்கிறது, மணியிலிருந்து விடுபடவில்லை. ஜெர்மானிய மெய்யியலாளர் யோசேப் பீப்பர் 1948இல் ஓய்வைப் பற்றி வெளியிட்ட சிறு நூலில் இதனை நுணுக்கமாக ஆராய்ந்தார். மீண்டும் வேலை செய்ய வலுப்பெறுவதற்காக எடுக்கும் இடைவேளை உண்மையான ஓய்வாகாது என்பது அவர் துணிபு. ஓய்வு என்பது உள்ளதை உள்ளவாறு ஏற்று மகிழும் மனநிலை. தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பல் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம். அதனை வேலை செய்யாதிருத்தல் என்று மட்டும் கொள்வது பிழை என்றும், தன் இயல்போடு இசைந்து அமைதியுற மனிதன் மறுப்பதே அதன் வேர் என்றும் பீப்பர் விளக்குகிறார். அவ்வாறாயின் ஓயாத ஓட்டமும் சோம்பலின் ஒரு வடிவமாக இருக்கக்கூடும்.

அமெரிக்கக் குடும்பங்கள் ஏன் இப்படிப் பொழுதை நிரப்புகின்றன என்பதற்கு ஒரு காரணம் அந்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் ஊழியர்க்குச் சம்பளத்துடன் விடுமுறை தந்தே ஆக வேண்டும் என்று அங்கே கூட்டாட்சிச் சட்டம் ஏதுமில்லை. முதலாளி மனமிரங்கித் தருவதே விடுமுறை. அரிதாகக் கிடைக்கும் பொருளை எவரும் சும்மா வைத்திருக்க மாட்டார். ஒரு மணி நேரமும் வீணாகக் கூடாதே என்ற பதற்றம் பெற்றோருக்கு. அப்பதற்றத்துக்கு மருந்தாகத்தான் அந்தத் தாள் விலையாகிறது. திடல் நடத்துவோரைக் குறை கூறுவது எளிது. ஓய்வை இவ்வளவு அரிதாக்கிய வேலை முறையைக் கேட்போர் குறைவு.

கூடாரம் தரும் பேறு மலையும் ஏரியும் மட்டும் அன்று என்று நான் கருதுகிறேன். வீட்டில் பிள்ளைக்குத் தன் தந்தையின் உழைப்பு தெரிவதில்லை. காலையில் போகிறார், மாலையில் வருகிறார், பணம் வருகிறது. கூடாரத்தில் அப்படியன்று. தண்ணீர் எடுத்துவர வேண்டும். சுள்ளி பொறுக்க வேண்டும். கயிற்றை ஒருவர் பிடித்தால்தான் மற்றவர் முளையடிக்க முடியும். எட்டு வயதுப் பிள்ளையின் கை அங்கே மெய்யாகவே தேவைப்படுகிறது. விளையாட்டுக்காக உண்டாக்கிய வேலையன்று. அது நடக்காவிட்டால் இரவு உணவு இல்லை. ‘நானும் இக்குடும்பத்துக்கு வேண்டியவன்’ என்பதை அன்புமொழிகளால் சொல்லிப் புரியவைக்க முடியாத வயதில், ஒரு குடம் தண்ணீர் புரியவைத்துவிடும். நிகழ்ச்சித் தாள் அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது இதனைத்தான். அவன் அங்கே விருந்தாளி ஆகிவிடுகிறான். பெற்றோர் அவனுக்குப் பணிவிடை செய்வோர் ஆகின்றனர்.

அந்தத் தாயின் சொல்லை மறந்து இவ்வாறு எழுதிவிட்டுப் போவது எளிது. இஸ்ரயேல் மக்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரங்களில் தங்க வேண்டும் என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. பாலைநிலத்தில் அவர்கள் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறையினர் அறிவதே நோக்கம். அவ்விழாவில் மகிழ வேண்டியோரின் பட்டியலை இணைச்சட்டம் 16ஆம் அதிகாரம் தருகிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், அநாதை, கைம்பெண். பட்டியலில் மனைவி தனியே குறிக்கப்படவில்லை. ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும், ஆனால் அந்த ஏழு நாளும் சமைத்தது யார் என்பதை எந்த உரையிலும் நான் கண்டதில்லை. கூடாரத்தில் பெண்ணின் வேலை இரட்டிக்கிறது. குழாய் இல்லை, எரிவாயு அடுப்பு இல்லை, சேறு மிதித்து வரும் கால்கள் மட்டும் உண்டு. குடும்பம் ஒன்றாக இருக்கும் இன்பத்தை ஆண்கள் புகழ்ந்து பேசும்போது, அவ்வின்பத்தின் செலவை யார் தாங்குகிறார் என்று கேட்பதும் அறவியலின் பகுதியே. அந்த இரண்டு மணி நேரத்தை அத்தாய்க்குத் தந்தது கணவர் அல்லர், கரடி வேடக்காரர். இதில் வெட்கப்பட வேண்டியவர் கரடி வேடக்காரரும் அல்லர்.

ஒழுங்குசெய்த நிகழ்ச்சிகளிலும் வேறுபாடு உண்டு. அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களில் சிறுவர்க்கென ‘இளைய வனக்காவலர்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. பிள்ளையின் கையில் ஒரு சிறு ஏட்டைத் தருகிறார்கள். இந்த இலையைத் தேடு, இந்தத் தடத்தைப் பார், இதனை வரை என்று அது சொல்லும். பிள்ளை அதனைத் தந்தையையோ தாயையோ இழுத்துக்கொண்டுதான் செய்ய முடிகிறது. ஏட்டை முடித்தபின் வனக்காவலர் முன் கையுயர்த்தி, இவ்விடத்தைக் காப்பேன் என்று உறுதிமொழி சொல்ல, ஒரு சின்னத்தைச் சட்டையில் குத்துகிறார்கள். இதுவும் ஒழுங்குதான். ஆனால் இது பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து கூட்டிச் செல்லாமல் அவர்களிடமே திருப்பி அனுப்புகிறது. மைனெக்கே வரைந்த பாதையைப் போல, ஓர் எல்லை வகுத்துவிட்டு மற்ற நிலத்தைத் தொடாமல் விடுகிறது.

போலந்து நாட்டில் 1950களில் இளங்குரு ஒருவர் மாணவர்களையும் இளந்தம்பதியரையும் கூட்டிக்கொண்டு ஏரிகளில் துடுப்புப் படகு வலிக்கச் செல்வார். குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்தக் கூடாதென அரசு தடுத்திருந்த காலம். எனவே சாதாரண உடையில் போவார். அவர்களும் அவரை ‘மாமா’ என்றே அழைப்பர். கவிழ்த்த படகு திருப்பலிப் பீடம் ஆகும். ஒவ்வொரு நாளும் ஒருவரைத் தம் படகில் ஏற்றிக்கொண்டு பேசிக்கொண்டே துடுப்பு வலிப்பது அவர் வழக்கம். 1958இல் அப்படியொரு பயணத்தின் நடுவில்தான், அவர் துணை ஆயராக நியமிக்கப்பட்டதைத் தெரிவிக்க வார்சாவிலிருந்து அழைப்பு வந்தது. அவரே பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஆனார். அப்பயணங்களில் திட்டம் இல்லாமலில்லை. ஆனால் திட்டத்தின் மையத்தில் இருந்தது இருவர் அமரும் ஒரு படகும், முடிவு குறிக்காத ஓர் உரையாடலும்.

இனி நம் ஊர். ஏப்ரலும் மேயும் வந்துவிட்டால் நகரங்களில் கோடை முகாம் என்ற பெயரில் நீச்சல், சதுரங்கம், ஓவியம், இந்தி என்று பிள்ளைகளை வண்டியில் ஏற்றி இறக்குகிறோம். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் வீட்டில் வேறு என்ன செய்வது என்று கேட்டால் என்னிடம் எளிய விடை இல்லை. நம் பங்குகளில் நடக்கும் விடுமுறை விவிலியப் பள்ளியும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்த வழக்கமே. பத்து நாள், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பாட்டு, கதை, செய்கை, போட்டி, கடைசி நாள் பரிசு. நன்றாகவே நடக்கிறது. ஆனால் பரிசளிப்பு அன்று மட்டும் பெற்றோர் வருகிறார்கள், வந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

இவ்வாண்டு எங்கள் பங்கில் ஆறாம் நாளன்று வகுப்பு இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம். மாலை நான்கு மணிக்குக் குடும்பங்கள் ஆலயத் திடலுக்கு வரும். வேப்பமரத்தடியில் கல் கூட்டி அடுப்பு வைக்கப்படும். சுள்ளி பொறுக்குவதும் தண்ணீர் எடுப்பதும் பிள்ளைகள் பொறுப்பு. சமையல் ஆண்கள் பொறுப்பு. தாய்மார்க்குப் பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறேன். “அன்னைக்கு என்ன நிகழ்ச்சின்னு எழுதட்டும் சாமி?” என்று ஆசிரியை ஒருவர் தாளோடு வந்தார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னேன். அரிசி யார் தருவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.