வர முடியாமல் போனவருக்கு

ஒரு படக்கதைக்கு மூன்று நோட்டுப் புத்தகம் நிறையத் திட்டம் இருந்தது. வரைந்து முடித்த பக்கம் ஒன்றுகூட இல்லை.

முதல் நோட்டில் என் கதாநாயகி. பெயர் குறிஞ்சி. ஆனைமுடிச் சரிவில் பிறந்தவள். நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டில் மட்டும் அவளுக்கு அபூர்வ சக்தி வரும். 1994, 2006, 2018 என்று மூணாறு மலைகள் பூத்த ஆண்டுகளை எழுதி, 2030இல் இறுதிப் போர் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். இரண்டாம் நோட்டில் அவளுடைய பகைவர்கள், ஆயுதங்கள், அவள் ஏறிப் போகும் வரையாடு. மூன்றாவதில் அளவுகள்: கண் எவ்வளவு பெரிது, மூக்கு எவ்வளவு சிறிது, கோபம் வந்தால் முடி எந்தப் பக்கம் சிலிர்க்கும். இவ்வளவுக்கும் நான்கு வருடம் ஆகியிருந்தது.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ் வழிப் பிரிவு உள்ள பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறவள் நான். கொழிஞ்சாம்பாறையில் வீடு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜப்பான். கணக்கு நோட்டைத் திருப்பினால் நருட்டோ முறைத்துக்கொண்டு நிற்பான். அதட்டுவதற்காகப் பிடுங்கி வைத்த நோட்டுகளை மதிய இடைவேளையில் நானே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அந்த வயதில் எனக்கும் அப்படியொரு கிறுக்கு இருந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்ட முத்து காமிக்ஸ், பல கை மாறி, அட்டை போய், மூணாற்றுப் பக்கம் நாங்கள் அப்போது குடியிருந்த எஸ்டேட் லயத்துக்கும் ஏறி வந்துவிடும். பத்து வீட்டுக்கு ஒரு புத்தகம். முறை வைத்துப் படிப்போம்.

ஜப்பானியப் படக்கதையான மாங்காவில் என்னைப் பிடித்துக்கொண்டது அதன் சிக்கனம். கறுப்பு மை, மலிவுத் தாள், அவ்வளவுதான். ஒசாமு தெசுகா 1947இல் வரைந்த ‘புதிய புதையல் தீவு’, ஒரு சிறுவன் துறைமுகத்துக்குக் கார் ஓட்டிப் போவதில் தொடங்குகிறது. அதிகம் பேச்சில்லாமல் கட்டத்துக்குக் கட்டம் கார் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு கட்டத் துணுக்குக்கு மாங்காக்காரர்கள் வைத்திருக்கும் இலக்கணம் கி, ஷோ, டென், கெட்சு: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிப்பு. பழைய சீன நாலடிப் பாட்டிலிருந்து வந்த வாய்பாடு. மையில் தீட்டும் முன் கட்டங்களையும் வசனத்தையும் கிறுக்கிப் பார்க்கும் கச்சாப் படிக்கு ‘நேமு’ என்று பெயர். இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டதிலேயே எனக்குப் பாதி மாங்கா வரைந்த திருப்தி. பதினேழு நேமு போட்டேன். பதினெட்டாவது இதைவிட நன்றாக வரும் என்று பதினேழையும் மூடி வைத்தேன்.

திட்டம் ஒரு சுகம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற காலம் மாதிரி எல்லாம் தாளில் கூடி வந்துகொண்டே இருக்கும். குடும்பம் நடத்தினால்தானே சண்டை. திட்டத்தோடு நிற்காமல் வரைந்தவர்களும் உண்டு. கேரளத்தின் படக்கதை என்றதும் நினைவுக்கு வருகிற ஜி. அரவிந்தன், ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாத்ருபூமி வார இதழில் ‘செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்’ வரைந்தவர். 1961 முதல் 1973 வரை. வேலை தேடி அலையும் ராமு அந்த வாரங்களின் ஊடே வயது ஏறி, வசதி ஏறி, ஆள் மாறியும் போகிறான். பன்னிரண்டு ஆண்டு, அதாவது ஒரு குறிஞ்சிச் சுற்று. அந்த மனிதர் ஒரு சுற்று முழுக்க வரைந்தார். நான் அடுத்த சுற்றுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

‘யாருக்காக வரைகிறாய்?’ என்று கேட்டிருந்தால் ‘எல்லாருக்கும்’ என்றிருப்பேன். என் நோய் அந்தச் சொல்லில்தான் இருந்தது. எல்லாரும் என்றால் முகம் இல்லை. முகமில்லாதவருக்கு எது பிடிக்கும், எது புரியும், எதைச் சொல்லாமல் விடலாம் என்று எப்படித் தெரியும்? ஆகவே எதையும் விடாமல் எல்லாவற்றையும் நோட்டில் சேர்த்துக்கொண்டே போனேன்.

ஒரு கும்ப மாதத்தில், நிளை என்கிற பாரதப்புழையின் கரையில் உள்ள காவு ஒன்றுக்குத் தோல்பாவைக் கூத்துப் பார்க்கப் போனேன். கறுப்பு வெள்ளையில் கதை சொல்வதற்கு நம்மூரில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை; நான்காவது நோட்டுக்குக் குறிப்பு எடுக்கலாம் என்ற எண்ணமும்தான். பகவதியின் சன்னிதியைப் பார்த்தபடி கூத்துமாடம். 42 அடி நீளத் திரை. மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு. தோலில் வெட்டிப் பொள்ளல் போட்ட பாவைகள் அந்தச் சுடரில் அசைகின்றன. உள்ளிருந்து கேட்பது கம்பராமாயணப் பாட்டு. மலையாள நாட்டின் நடுவில், நள்ளிரவில், தமிழ் விருத்தம். ஆட்டுவிப்பவர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். கூனத்தறையைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் பள்ளியிலும் அதைப் பற்றிப் பேசியிருந்தோம்.

முற்றத்தில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ணினேன். விளக்குகளைவிடக் குறைவு. பதினோரு மணிக்குப் பாதி. ஒரு மணிக்கு நானும், பாயில் சுருண்டு கிடந்த ஒரு பெரியவரும், ஒரு நாயும். திரைக்குப் பின்னால் குரல் தாழவில்லை. ஒரு பாட்டைச் சொல்லி, அதற்குப் பொருள் சொல்லி, கிளைக்கதை ஒன்றில் இறங்கி, அதிலிருந்து ஏறி வந்து விட்ட இடத்தைப் பிடிக்கிறார்கள். ஒரு வரியைக்கூட விழுங்கவில்லை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் இந்தக் கூத்தைப் பற்றி 1996இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பார்க்க ஆளில்லாத இந்த முற்றம் அவரையும் யோசிக்க வைத்திருக்கிறது.

பெரியவரிடம் கேட்டேன்: “ஆருமே இல்லையே, யாருக்காக இப்படி ஆடறாங்க?”

அவர் படுத்தபடியே சன்னிதிப் பக்கம் கையைக் காட்டினார். “அம்மைக்கு. ராமனும் ராவணனும் சண்டை போட்டப்ப அவ இங்கே தாரிகாசுரனோட சண்டையில இருந்தா. காண முடியாமப் போச்சு. அதான் வருஷா வருஷம் சொல்லிக் காட்டறோம்.”

கதை எனக்கு முன்பே தெரியும். ஆனால் அது பகவதியாகிய காளியின் பெருமையைச் சொல்லும் கதை என்றே நினைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது அது வேறொன்றைச் சொல்வதாகப் பட்டது. அவள் வரக்கூடாதென்று வராமல் இருந்தவள் இல்லை. அவளுக்கு அவளுடைய போர் இருந்தது. அவள் இல்லாத இடத்தில் பெரிய விஷயம் ஒன்று நடந்து முடிந்துவிட்டது. நடந்ததைத் திரும்ப நடத்த முடியாது, சொல்லலாம். அந்த ஒருத்திக்குத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் முற்றம் காலியாவது அவர்களை ஒன்றும் செய்வதில்லை. அவளுக்குத் தெரியாது என்பதால் எதையும் தாண்டிப் போகவும் முடியாது.

அன்றைக்கு எடுத்த குறிப்பும் நான்காவது நோட்டுக்குள் போய் அடங்கியிருக்கும், என் அம்மா மட்டும் இல்லாவிட்டால்.

அம்மா மூணாற்றுப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, திறந்து கிடந்த நேமுவை எட்டிப் பார்த்தாள்.

“இது யாரு?”

“குறிஞ்சிம்மா. கொழுந்து கிள்ளிட்டிருக்கா.”

“இப்படிக் கிள்ளினா கங்காணி வீட்டுக்குப் போன்னுருவான்” என்றாள். பக்கத்தில் கிடந்த கறிவேப்பிலைக் கொத்தை எடுத்துப் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எப்படி வைப்பது என்று காட்டினாள். பிறகு வெங்காயத்துக்குத் திரும்பி, ஏதோ நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல் கேட்டாள்: “ஏட்டி, உங்க பள்ளிக்கூடத்துல மழை பெஞ்சா எங்கன உக்காருவீங்க?”

எனக்குப் பத்து வயதில், படிக்க வேண்டுமென்று சித்தூரில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். மூணாற்றில் ஏறினால் மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம். கேரளத்தில் ஏறிக் கேரளத்தில் இறங்க வேண்டும். நடுவில் முழுசாக ஒரு தமிழ்நாடு கிடக்கும். அம்மா அந்தப் பள்ளிக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆண்டு விழாவுக்கு வரவில்லை, கையெழுத்துப் போட வரவில்லை. ஒருநாள் வந்து போக இரண்டு நாள் பேர் விழாது, கூலி போய்விடும். எனக்கு அது வெகுகாலம் ஆறாத கோபம். அவள் கேட்ட கேள்வியில்தான் எனக்கு உறைத்தது: முப்பது வருடத்துக்கு மேலாக அவள் மனதில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. மழை பெய்யும்போதெல்லாம் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று தெரியாமல் அவள் கிள்ளிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அன்று மாலையே பதினெட்டாவது நேமுவைப் போட்டேன். அதில் வரையாடு இல்லை, 2030 இல்லை. ஒரு சிறுமி, ஒரு ஓட்டுக் கூரை, ஒரு மழை.

ஆச்சரியம் என்னவென்றால், நான்கு வருடம் முடிவாகாதவையெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிட்டன. ஜப்பானிய முறையில் வலமிருந்து இடமா, நம் முறையில் இடமிருந்து வலமா? அம்மாவுக்கு இடமிருந்து வலம்தான் கண் ஓடும். வசனம்? அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், வேண்டாம். கண்ணைப் பெரிதாகப் போடலாமா? போடலாம், மகளின் முகத்தை அவள் தேடுவது கண்ணில்தான். கட்டம் எத்தனை? ஒருமுறை வெங்காயத்திலிருந்து தலை நிமிர்ந்தால் பார்த்து முடிக்கிற அளவு: நாலு. மாங்காக்காரர்களின் அந்த நாலு படி வாய்பாட்டை நான் அப்போதுதான் உண்மையாகப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். அதைக் கதையை அடுக்கும் வித்தையாக மட்டும் பார்த்தவரை அது உதவவில்லை. எதிரே இருப்பவருக்கு எது தெரியாதோ அதை எந்த வரிசையில் சொல்வது என்ற மரியாதையாகப் பார்த்தபோது உதவியது.

ஒருத்திக்கென்று வரைந்தால் உலகம் சுருங்கிவிடாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பகவதிக்கென்று ஆடும் கூத்தில் பாயோடு வந்த பெரியவருக்கும் இடம் இருந்தது, எனக்கும் இருந்தது, நாய்க்கும் இருந்தது. ராமச்சந்திரப் புலவர் குடும்பம் அதே பாவைகளைப் பள்ளிக்கூடங்களுக்கும் கடல் தாண்டிய மேடைகளுக்கும் கொண்டு போயிருக்கிறது. ஒருவருக்கு ஒழுங்காகச் சொல்லப்பட்டது பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும். எல்லாருக்கும் என்று கூவியது ஒருவரையும் திரும்பிப் பார்க்க வைக்காமல் போகலாம்.

வாழ்க்கைக்கும் இது பொருந்துகிறதென்று தோன்றுகிறது. நம் நல்லது கெட்டதுகளில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள் பலர் இல்லை. வேலைக்குப் போயிருந்தார்கள், வேறு ஊரில் இருந்தார்கள், அவரவர் தாரிகனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘அப்போது நீ எங்கே போனாய்?’ என்று கேட்பது சுலபம். நான் அதைப் பல வருடம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு வேண்டியிருந்ததோ அன்று என்ன நடந்தது என்று யாராவது உட்கார்ந்து சொல்வது. சொல்ல முடிந்த ஒரே ஆளான நான் கோபித்துக்கொண்டு இருந்தேன்.

மையில் தீட்டி முடித்த முதல் பக்கத்தை அவள் மடியில் வைத்தேன். முதல் கட்டத்தில் பள்ளி முற்றம், வானம் கறுக்கிறது. இரண்டாவதில் பெருமழை, பிள்ளைகள் ஓடுகிறார்கள். மூன்றாவதில் ஓடு ஒழுகும் வகுப்பில் பெஞ்சுகளை ஒரு மூலைக்கு இழுத்து எல்லாரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் நான். நான்காவதில் வெயில், காயப் போட்ட பாவாடை.

வெகுநேரம் பார்த்தாள். இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவதற்கும் நடுவில் நான் விட்டிருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தாள்.

“இந்த மழைக்கு அங்க நாங்களும் நனைஞ்சுட்டுத்தான் நின்னோம். கொழுந்து நிறுக்கிற கொட்டகையில. கூரை பறந்துருச்சு. செல்வியக்கா சாக்கைப் பிரிச்சு எங்க நாலு பேர் தலையிலயும் போட்டா.”

அது இதே மழையா, வேறு வருடத்து மழையா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கொட்டகையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அவள் என் பள்ளிக்கு வராதது மாதிரி, நானும் அவளுடைய மழைக்குப் போனதில்லை.

தாரிகனோடு காளி செய்த போருக்கும் இந்த நாட்டில் ஒரு கூத்து உண்டு: பெரியாறு, மூவாற்றுப்புழை, சாலக்குடிப்புழைக் கரைகளில் ஆடும் முடியேற்று. அவள் காணாததை நிளைக்கரை அவளுக்குச் சொல்கிறது. அவள் போரை அந்த ஆற்றங்கரைகள் மற்றவர்களுக்குச் சொல்கின்றன. முடியேற்று தொடங்கும் முன் தரையில் வண்ணப் பொடியால் அவள் உருவத்தை வரைவார்கள். களமெழுத்து என்று பெயர். வரைவதற்கும் எழுதுவதற்கும் அங்கே ஒரே சொல்தான்.

புதுத் தாளை எடுத்து நாலு கட்டம் கோடு போட்டேன். அம்மா வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கொட்டகையில் தராசு எந்தப் பக்கம் தொங்கும் என்று காட்ட ஆரம்பித்தாள்.